கழற்றிய பேடைத் தூக்கிப் போடாதீர்கள்: ட்ராக் டே கார்களின் பிரேக் தேய்மானம்

சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் ட்ராக் டே முடிந்த மறுநாள் என்னிடம் வந்த ஒரு காரின் முன் இடது சக்கரத்தைக் கழற்றியபோது, சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை இருபுறமும் அழுத்தி நிறுத்தும் பிரேக் பேடுகளில், உள்பக்கப் பேடில் 3 மில்லிமீட்டரும் வெளிப்பக்கப் பேடில் 7 மில்லிமீட்டரும் மீதமிருந்தன. வலது சக்கரத்தில் இரண்டுமே 7 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தன. காரோடு வந்த பேடுகள் பந்தயத் தடத்துக்குத் தாங்கவில்லை, பந்தயப் பேடுகளை மாட்டிவிடுங்கள் என்ற முடிவோடுதான் உரிமையாளர் வந்திருந்தார். பேடுகளை டிஸ்கின் மேல் அழுத்தும் இடது கேலிப்பரைக் கையால் அசைத்துப் பார்த்தேன், நகரவில்லை. கேலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளிருந்த கிரீஸ் காய்ந்து, அந்தப் பின்னே துருவேறி இறுகிப் போயிருந்தது. அதனால் வெளிப்பேடு சரியாக அழுந்தவுமில்லை, உள்பேடு முழுதாக விலகவுமில்லை. அந்த நிலையில் எவ்வளவு உயர்ந்த பேடை மாட்டியிருந்தாலும் அதே பக்கம் அதே விதமாகத்தான் தேய்ந்திருக்கும்.

அடுத்து எந்தப் பேடை வாங்குவது என்று கேட்பவர்களிடம், கழற்றிய பழைய நான்கு ஜோடிகளையும் எடுத்துவரச் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் இரு முனைகளிலும் வெர்னியர் அளவுகோலால் அளந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ஒரு முனை மற்றதைவிடச் சற்று கூடுதலாகத் தேய்ந்திருப்பது இயல்பு. ஆனால் ஆப்பு வடிவில் சரிந்திருந்தால் கேலிப்பரும் பின்களும்தான் முதலில் கவனிக்க வேண்டியவை. எல்லாப் பேடுகளும் சீராகத் தேய்ந்து, விளிம்புகள் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்து உதிர்ந்திருந்தால், அந்தப் பேடு தன் வெப்ப எல்லையைத் தாண்டி உழைத்திருக்கிறது. அப்போதுதான் வேறு ரகப் பேடுக்கு மாறுவதில் பொருளிருக்கிறது. பின்சக்கரப் பேடுகள் முன்சக்கரத்தைவிட வேகமாகத் தேய்ந்திருந்தால், ஓட்டுநர் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை அணைக்காமலே ஓட்டினாரா என்று கேட்பேன். வளைவில் காரை நேர்ப்படுத்த அது தானாகவே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும், ஓட்டுபவருக்கு அது தெரிவதேயில்லை.

சாலையில் நன்றாக உழைக்கும் பேடு தடத்தில் ஏன் தோற்கிறது என்பதை ஒரு கணக்கு காட்டிவிடும். 1400 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நிற்கும்போது, பிரேக்குகள் ஏறத்தாழ 0.19 மெகாஜூல் ஆற்றலை வெப்பமாக மாற்றுகின்றன. அதே கார் நேர்ப்பாதையின் முடிவில் 180 கிலோமீட்டரிலிருந்து 72 கிலோமீட்டருக்குக் குறையும்போது அது 1.47 மெகாஜூல் ஆகிறது, அதாவது ஏழரை மடங்கு. கார் இன்னும் நிற்கக்கூட இல்லை. அடுத்த வளைவு வந்துவிடும், டிஸ்க் ஆறுவதற்கு அவகாசம் கிடைக்காது. இந்த வெப்பத்தின் பெரும்பங்கு முன்சக்கரங்களின் மேல்தான் விழுகிறது.

பேடின் பின்தகட்டிலோ விளிம்பிலோ அச்சிட்டிருக்கும் இரண்டு எழுத்துகளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. அவற்றில் முதலாவது மிதமான வெப்பத்திலும், இரண்டாவது கூடுதல் வெப்பத்திலும் அந்தப் பேடின் உராய்வுக் கெழு எந்த வரம்புக்குள் இருக்கிறது என்பதைக் குறிக்கும். எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. ஆனால் அந்தச் சோதனை சுமார் 340 டிகிரி செல்சியஸோடு நின்றுவிடுகிறது. தடத்தில் டிஸ்க் 500 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். நமக்குத் தேவையான இடத்தில் அந்த எழுத்துகள் மௌனமாகிவிடுகின்றன. நிறத்தை நம்பி வாங்குவதோ அதைவிட வேடிக்கை: ஈபிசி யெல்லோஸ்டஃப், பேகிட் ஆர்எஸ்29 என்ற இரண்டு பேடுகளும் மஞ்சள்தான், ஆனால் முன்னது சாலைக்கும் தடத்துக்கும் இடைப்பட்டது, பின்னது நெடுந்தொலைவுப் பந்தயத்துக்கானது.

ஆகவே தயாரிப்பாளர் தரும் வெப்ப வரம்பையும் உங்கள் டிஸ்க் உண்மையில் எட்டும் வெப்பத்தையும் பொருத்திப் பார்ப்பதே சரியான வழி. குறிப்பிட்ட வெப்பத்தில் நிறம் மாறும் வண்ணப்பூச்சை டிஸ்கின் வெளிவிளிம்பில் கோடுகளாகத் தீட்டிச் சில சுற்றுகள் ஓட்டிவிட்டு வந்தால், எந்தக் கோடு மாறியது, எது மாறவில்லை என்பதிலிருந்து உச்ச வெப்பம் தெரிந்துவிடும். கார் கனமானதா, டயர் எவ்வளவு பிடிப்பானது, தடத்தில் பலமாகப் பிரேக் பிடிக்கும் இடங்கள் எத்தனை என்பவை எல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. டயரை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும். பிடிப்பான டயர் கூடுதல் பலத்தோடு பிரேக் பிடிக்க விடும், வெப்பமும் கூடும். தேவைக்கு மிஞ்சிய பந்தயப் பேடை வாங்குவதும் தவறுதான். குளிர்ந்த நிலையில் அது கடிக்காது. சாலையில் முதல் சிவப்பு விளக்கிலேயே அதை உணர்வீர்கள். டிஸ்கையும் அந்த நிலையில்தான் அது அதிகமாக அராவித் தின்னும். ஒரே பேடில் அலுவலகத்துக்கும் தடத்துக்கும் போக வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது, தடத்துக்குப் போனதும் பேடை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான்; பழகிவிட்டால் அது ஒரு மணி நேர வேலைகூட இல்லை. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் பொருந்தாத ரகங்களைக் கலக்காதீர்கள். குறிப்பாகப் பின்பேடின் பிடிப்பு அளவுக்கு மீறினால், பிரேக் பிடிக்கும்போது காரின் பின்பகுதி நிலைகுலையும்.

பெடல் கல்லைப்போல் கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால், பேடு வெப்பத்தில் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் மெத்தென்று தரைவரை போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. அதற்குப் பேடை மாற்றிப் பயனில்லை. டாட் 4 தரப் பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரத்தை உறிஞ்சிய பின் அதற்கான தரவரம்பு 155 டிகிரிதான். பேடு தேய்வதும் ஆயில் கொதிப்பதும் ஒன்றோடொன்று தொடர்புடையவை, ஏனென்றால் பேடு தேயத் தேய டிஸ்குக்கும் பேடைத் தள்ளும் பிஸ்டனுக்கும் நடுவே வெப்பத்தைத் தடுக்கும் பொருள் குறைந்து, வெப்பம் ஆயிலை எளிதாக எட்டுகிறது. சாலையில் 3 மில்லிமீட்டர் மீதமிருக்கும் பேடு இன்னும் சில மாதங்கள் ஓடலாம். தடத்தில் அதே பேடு ஒரே நாளில் பின்தகடுவரை போய்விடக்கூடும். பாதி தேய்ந்த பேடோடு தடத்தில் இறங்குபவர் மாற்று ஜோடியைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

புதுப்பேடு செட் ஆவதற்கு, படிப்படியாகப் பலத்தைக் கூட்டிப் பல முறை பிரேக் பிடித்துவிட்டு, நடுவில் நிற்காமல் ஓட்டி ஆறவிட வேண்டும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று என்னிடம் வரும் அதிர்வுகளில் பல, பேடின் பொருள் டிஸ்கில் திட்டுத்திட்டாகப் படிந்ததால் வருபவை. கொதிக்கும் டிஸ்கோடு வந்து நின்று பெடலை மிதித்தபடி காத்திருப்பவர்கள் அந்தத் திட்டைத் தாங்களே பதிக்கிறார்கள். கடைசிச் சுற்றைப் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள். தடத்தோரம் கார்களை நிறுத்தும் பிட்டுக்கு வந்ததும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்கு அடியில் கட்டை வையுங்கள். சக்கரம் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, மறுபடி வெர்னியரை எடுத்து எட்டுப் பேடுகளையும் அளந்து எழுதி வையுங்கள்.