இறுக்கி மூடிய டப்பாவும் இளகிப்போன பென்சிலும்

போன ஐப்பசியில், குன்னூரில் மழை விடாமல் பெய்த ஒரு நாள், கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார். உள்ளே, லெட் போட்டு அழுத்தி எழுதும் மைக்ரோ டிப் பென்சில்கள் பதினேழு. எதுவும் இப்போது தயாரிப்பில் இல்லை. நான் வீட்டு பிளான் வரையும் டிராஃப்ட்ஸ்மேன். கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் பழைய பென்சிலைப் பிரித்துச் சரிசெய்யும் பழக்கம் விடவில்லை. அதனால் இந்தச் சேகரிப்புப் பைத்தியம் பிடித்தவர்கள் எப்படியோ என்னிடம் வந்துவிடுகிறார்கள்.

“ரெண்டு வருஷமா திறக்கவே இல்லண்ணா. பத்திரமாத்தான் வச்சிருந்தேன்.”

திறக்காததுதான் வினை. டப்பாவுக்குள் ஒரு வெள்ளை ரப்பரும் கிடந்தது. அது தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஒரு பென்சிலின் உடல் இளகிப் பள்ளம் விழுந்திருந்தது. வெள்ளை ரப்பர் பெரும்பாலும் பி.வி.சி.தான். மெத்தென்று இருப்பதற்காக அதில் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து, ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். ரப்பரைத் தனியே, காகித உறையோடு வையுங்கள். பிடியில் மெத்தென்ற ரப்பர் உள்ள பென்சில்கள் எப்படி வைத்தாலும் ஒரு நாள் பிசுபிசுக்கும். நம் ஊர் ஈரத்தில் அந்த நாள் சீக்கிரம் வரும். பிசுபிசுப்பு போகும் என்ற ஆசையில் நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைத்துவிடாதீர்கள், பிளாஸ்டிக்கே கரைந்துபோகும்.

இன்னும் கவனம் வேண்டியது செல்லுலாய்டு என்ற பழங்காலப் பிளாஸ்டிக். முத்துச்சிப்பி போல மினுங்கும் மிகப் பழைய பென்சில்கள் பல இந்த ரகம். உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்தால் லேசாகச் சூடம் மணக்கும். மணக்காமல் என்ன, நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரம் சேர்த்துத்தானே அதைச் செய்கிறார்கள்! நம் அருவங்காட்டுத் தொழிற்சாலைக்குப் பெயர் தந்த கார்டைட் வெடிமருந்திலும் இருப்பது இந்த நைட்ரோசெல்லுலோஸ்தான். செல்லுலாய்டில் நைட்ரஜன் கொஞ்சம் குறைவு. வெடிக்காது, ஆனால் தீ பட்டால் குபுக்கென்று பற்றும். லைட்டரைக் காட்டிச் சோதிக்கும் ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிடுகிறவர்களும் இதை அதில் வைக்க வேண்டாம். பழைய செல்லுலாய்டு தானாகவே ஒரு வாயுவைக் கக்கும். மூடிய டப்பாவில் அது ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, பித்தளைப் பாகங்களில் பச்சைக் களிம்பு ஏற்றும். காகிதத்தில் சுற்றி, காற்றோட்டமாக, மற்றவற்றிலிருந்து விலக்கி வையுங்கள்.

மற்ற பென்சில்களுக்கு டப்பா சரிதான், சிலிக்கா ஜெல் போட்டால். ஷூ வாங்கும்போது வந்த பொட்டலத்தை அப்படியே போடுவதில் பலனில்லை, அது எப்போதோ ஈரம் குடித்து முடித்திருக்கும். நிறம் மாறும் ரகத்தை வாங்கி, மாறியதும் காயவையுங்கள். சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். நீல ரகத்தில் கோபால்ட் இருக்கிறது, அது நஞ்சு.

வாங்கும்போது ஒன்று. ரோட்ரிங் கம்பெனியின் 600 என்ற பென்சில், நின்றுபோய், பிறகு மறுபடி வந்த மாடல். புதியதையே ‘அரிய பழசு’ என்று தலையில் கட்டுகிறார்கள். உடம்பில் ஜப்பான் என்றிருந்தால் மறுவரவு. பழையதில் ஜெர்மனி இருக்கும்.

தம்பியின் பதினேழில் பதினொன்று தேறியது. அவற்றில் நான்கில் முனைக்குழாய்க்குள் லெட் துண்டு சிக்கியிருந்தது, மெல்லிய கம்பியால் தள்ளியதும் வந்துவிட்டது. பள்ளம் விழுந்ததை மட்டும் என் மேசையிலேயே விட்டுப் போனார்.