ரேஞ்ச்: எதிராளியின் கைத்தொகுப்பு

சுங்கை சிப்புட்டில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி, முடிந்துபோன ஒரு போக்கர் போட்டியின் ஆட்டங்களை மடிக்கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, இந்த ஆளு இருக்குற பந்தயச் சில்லு எல்லாத்தையும் வச்சு ஆல் இன் போட்டாரே, அவரோட ரேஞ்ச் என்னவா இருக்கும்?" என்றான். தீபாவளிக்குத் தீபாவளி ரம்மி ஆடும் மாமா, "அவர் கையில என்ன சீட்டுன்னு கேக்குறியா?" என்றார். தம்பி கேட்டது அது இல்லை.

ஒரு கையைக் குறிவைத்து 'இதுதான்' என்று ஊகிப்பது பழைய முறை. ரேஞ்ச் என்பது, அதுவரை ஆடிய விதத்தைப் பார்த்தால் அவரிடம் இருக்கக்கூடிய எல்லாக் கைகளும் சேர்ந்தது. ஹோல்டெம் என்ற போக்கர் வகையில் ஆளுக்கு 2 சீட்டு. 52 சீட்டில் 1,326 ஜோடிகள் அமையும்; எந்தச் சின்னம் என்று பாராமல், இரண்டும் ஒரே சின்னமா வேறா என்று மட்டும் பார்த்து வகையாகப் பிரித்தால் 169. ஈக்விலாப் போன்ற மென்பொருள் இந்த 169 வகையையும் 13-க்கு 13 கட்டமாக விரித்துக் காட்டும். இருக்கலாம் என்று நினைக்கும் கட்டங்களைத் தொட்டு நிறம் ஏற்ற வேண்டும். தம்பி இரட்டைச் சீட்டுகள் (ஒரே மதிப்பில் இரண்டு) எல்லாவற்றையும் தொட்டான்: 78 ஜோடி. ஒரே சின்னத்தில் ஏஸோடு வரும் கைகளையும் தொட்டான்: 48. மொத்தம் 126, அதாவது சுமார் 9.5 விழுக்காடு. இந்தக் கூட்டத்துக்கு எதிரே தன் கை எத்தனை விழுக்காடு வெல்லும் என்பதை மென்பொருள் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. நம் கையில் ஓர் ஏஸ் இருந்தால், அவரிடம் இரட்டை ஏஸ் அமையும் வழி 6-லிருந்து 3 ஆகக் குறைந்துவிடும். நம் சீட்டே அவர் சீட்டைப் பற்றிச் சேதி சொல்கிறது!

இனி சொல்லின் கதை. பழைய பிரெஞ்சில் வரிசை என்ற பொருளில் இருந்த சொல் இது. சீட்டின் மதிப்பைச் சொல்லும் 'ரேங்க்' இதற்கு உடன்பிறப்பு. தமிழில் இதற்கு இடத்துக்கு ஒரு சொல் இருக்கிறது. மலைக்குத் தொடர்: ஊருக்குக் கிழக்கே நிற்பது தித்திவங்சா மலைத்தொடர். புள்ளியியலில் வீச்சு. கணிதத்தில் சார்புக்கு வீச்சகம்.

போக்கருக்கு எது? வீச்சு என்றால் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள இடைவெளி. இங்கே அப்படித் தொடர்ச்சியே கிடையாது. ஒரே சின்னத்து 7, 6 உள்ளே இருக்கும். ராஜாவும் 2-ம் வெளியே கிடக்கும். மூலப்பொருளைப் பிடித்துக்கொண்டு 'கைவரிசை' என்று வைத்தால் திருட்டு ஞாபகம்தான் வரும். தொகுதி என்றால் நம் ஊரில் தேர்தல். தொகை என்றால் பணம், சூதாட்டப் பேச்சில் அது பெரிய குழப்பம். அதனால் நான் கைத்தொகுப்பு என்பேன். சீட்டாடுகிறவர்கள் எப்போதும் 'கை' என்றுதானே சொல்கிறார்கள்; தொகுப்பு என்றதும் பல சேர்ந்தது என்பதும் புரிந்துவிடும்.

வினைகளும் இதனோடு இயல்பாக ஒட்டுகின்றன. போட்டியில் சில்லுகள் தீரத் தீர, கட்டாயப் பந்தயம் மிச்சத்தையும் தின்றுவிடும் என்ற நெருக்கடியில் ஒருவர் சுமாரான கைக்கும் ஆல் இன் போடுவார்: தொகுப்பு விரிகிறது. சில்லு நிறைய வைத்திருப்பவர் பந்தயத்தை மறுபடி ஏற்றி, இன்னொருவர் அதற்கும் மேல் ஏற்றினால்: தொகுப்பு சுருங்குகிறது. மாமாவிடம் இப்படிச் சொல்லிப் பார்த்தேன். "அப்போ அவரு கடைசிச் சில்லோட இருந்தாரா?" என்று கேட்டுவிட்டுத் தம்பி பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.