மரக்காலில் ஆடுகிறார்களா?

மே மாதம் பிறந்தால் போதும், மிச்சிகன் மாநிலத்து ஹாலந்து நகரின் டுலிப் விழாவுக்குப் போய்வந்தவர்களின் பயணக் கட்டுரைகள் வரிசைகட்டும். கூடவே அங்கு ஆடும் நடனத்துக்கு ‘மரக்கால் ஆட்டம்’ என்ற மொழிபெயர்ப்பும் வரும். இந்த ஆண்டு மூன்றாவது முறையாகப் படித்தபோது பொறுமை போய்விட்டது.

அங்கே ஆடுவது கிளோம்பன் நடனம். நெதர்லாந்திலிருந்து குடியேறியவர்கள் 1847இல் அமைத்த ஊர் அது. பள்ளி மாணவர்கள் பல அடுக்குக் காலுறைக்கு மேல் மரத்தில் குடைந்த காலணியை மாட்டிக்கொண்டு வீதி அதிர ஆடுகிறார்கள். டச்சு மொழியில் ‘கிளோம்ப்’ என்றால் கட்டி. அந்தக் காலணிக்கும் அதுவே பெயர். ‘கிளோம்பன்’ அதன் பன்மை. ‘கிளோம்பன்கள்’ என்று எழுதுகிறவர்களை இன்றைக்கு விட்டுவிடுகிறேன்.

மரக்கால் ஆடல் முற்றிலும் வேறு. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோர் ஆடல்களில் ஒன்று அது. பாம்பும் தேளுமாக வந்த அவுணரை, அதாவது அசுரரை, அழிக்க மாயவளான கொற்றவை மரத்தாலான கால்மேல் நின்று ஆடியது என்பார்கள். அதாவது நம் கட்டைக்கால் ஆட்டத்தின் இனம். ஹாலந்துப் பிள்ளைகளின் கால்கள் தரையில்தான் இருக்கின்றன ஐயா!

இன்னொரு கட்சி அந்தக் காலணியைப் ‘பாதக்குறடு’ என்கிறது. கேட்கத் தூய்மையாக இருக்கிறது, பொருள்தான் இல்லை. பாதக்குறடு, மிதியடி, பாதுகை எல்லாமே வெறும் அடிக்கட்டை. விரலிடுக்கில் ஒரு குமிழ், மேலே திறப்பு. பரதன் தலையில் சுமந்தது அது. சேற்றில் அதைப் போட்டு நடந்தால் கால் நனையாமல் என்ன செய்யும்? கிளோம்போ ஈர நிலத்தில் கால் நனையாமலிருக்க, வில்லோ, பாப்லர் மரத்தில் விரலும் குதிகாலும் மூடும்படி குடைந்தெடுப்பது. போதாக்குறைக்கு, இன்றைய வாசகருக்குக் குறடு என்றால் ஆணி பிடுங்கும் கருவி. அகராதியைப் புரட்டுகிறவர்கள் பொருளையும் ஒருமுறை கண்ணால் பார்க்கக் கூடாதா?

என் தேர்வு மரச்சப்பாத்து. சப்பாத்து போர்த்துக்கீசிய வரவு என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். இலங்கைத் தமிழர் மூடிய காலணியை அப்படித்தான் சொல்கிறார்கள். அலுவலகத்தைக் குறிக்க டச்சுக்காரர் விட்டுப்போன ‘கந்தோர்’கூட அவர்களிடம் தமிழாகிவிட்டது. ‘காலணி’ செருப்புக்கும் பூட்ஸுக்கும் பொது, மூடியதா திறந்ததா என்று சொல்லாது. சப்பாத்து கூடவே கூடாது என்பவர்கள் மரக்காலணி என்றாவது எழுதட்டும். நெல் அளக்கும் மரக்காலை மட்டும் தெருவில் ஆடவிட வேண்டாம்.