கிளர்ச்சி அல்ல, நிலைகொள்ளாமை

உளநலப் படிவங்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் 'அஜிட்டேட்டட் டிப்ரெஷன்' என்பதை, அதாவது ஓரிடத்தில் இருக்கவிடாமல் அலைக்கழிக்கும் மனச்சோர்வை, "கிளர்ச்சி மனவழுத்தம்" என்று பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. இதில் இரண்டு சொற்களும் பிழை.

டிப்ரெஷன் கீழே அமுக்குதல் என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்தது. 'அழுத்தம்' அந்த வேரைப் பார்த்து எடுத்தது. ஆனால் மன அழுத்தம் என்றால் இன்று எல்லோருக்கும் ஸ்ட்ரெஸ்தான். அதற்கு 'உளநெருக்கீடு' என்ற நல்ல சொல் இலங்கை வழக்கில் இருந்தபோதும் கைவிட்டுவிட்டோம். டிப்ரெஷனுக்கு மனச்சோர்வே சரி. அதிலும் ஓர் இடைஞ்சல் உண்டு: சோர்வு என்றதும் படுத்துக்கிடப்பவரைத்தான் தேடுவோம். அறைக்குள் அங்குமிங்கும் நடந்து, பிள்ளைகள்மேல் எரிந்து விழுபவர் கண்ணில் படமாட்டார். ஆகவே முன்னால் வரும் அடைமொழி துல்லியமாக இருந்தே ஆகவேண்டும்.

'கிளர்ச்சி' அங்கேதான் கெடுக்கிறது. கொழும்பில் செய்தி வாசிக்கும் எவருக்கும் கிளர்ச்சி என்றால் ஆயுதம் ஏந்திய எழுச்சி, மற்றப்படி பாலுணர்வு. 'அஜிட்டேஷன்' என்ற சொல்லுக்கு அகராதி தரும் அரசியல் போராட்டம் என்ற பொருளை அப்படியே தூக்கி நோயாளிமேல் வைத்திருக்கிறார்கள். "கடந்த இரண்டு வாரங்களில் கிளர்ச்சி அடைந்தீர்களா?" என்று வெள்ளவத்தையில் ஓர் அம்மாவைக் கேட்டால் "சீச்சீ, இல்லை" என்பார். புள்ளி பூச்சியம். அவரோ உள்ளுக்குள் அந்தரப்பட்டு, இருக்கவும் முடியாமல் தவித்துக்கொண்டிருப்பார்.

'பதற்றம்' என்பாரும் உளர். அது ஆங்சைட்டிக்குப் போய்விட்ட சொல். இங்கே அளக்கப்படுவது உடலில் தெரியும் அசைவு. மனச்சோர்வின் கடுமையை அளக்கும் ஹமில்டன் அளவுகோலில் அஜிட்டேஷனுக்கான 9ஆவது உருப்படிக்கு 0 முதல் 4 வரை புள்ளி: சற்றே அலைக்கழிவு 1, கையையும் தலைமயிரையும் அளைதல் 2, ஓரிடத்தில் இருக்க முடியாமை 3, கை பிசைதல், நகமும் உதடும் கடித்தல், மயிர் பிடுங்குதல் 4. மதிப்பிடுபவர் கண்ணால் பார்த்து இடும் புள்ளி இது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறிகைக் கையேடான டிஎஸ்எம்-5உம் பிறர் கவனிக்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்கிறது. எனவே அஜிட்டேஷனுக்கு நிலைகொள்ளாமை என்பதே சரி. நோயாளி உணர்வதைக் கேட்கும்போது 'அந்தரம்' என்று கேளுங்கள், மலையகத்திலிருந்து வந்தவரிடம் "ஒரு இடத்துல இருக்க முடியலையா?" என்று கேளுங்கள்.

மனச்சோர்வைக் கண்டறியக் கேட்கும் ஒன்பது கேள்விப் படிவமான பிஎச்கியூ-9இன் 8ஆவது கேள்வி மந்தத்தையும் நிலைகொள்ளாமையையும் ஒன்றாகக் கட்டிக் கேட்கிறது. முதற்பாதியோடு "இல்லை" என்று விடுவார்கள். பாதி பாதியாக வாசித்து விளக்கியபின் ஒரே புள்ளி இடுங்கள். கோபத்துக்கு அதில் கேள்வியே இல்லை, தனியாகத்தான் கேட்கவேண்டும். 'எரிச்சல் இருக்கிறதா' என்றால் சிலர் நெஞ்செரிவைச் சொல்வார்கள். 'சிடுசிடுப்பு', 'சட்டெனக் கோபம் வருதல்' என்றால் குழப்பமில்லை. டிஎஸ்எம்-5 சிறுவரிலும் வளரிளம் பருவத்தினரிலும் துயர மனநிலைக்குப் பதிலாகச் சிடுசிடுப்பையே ஏற்பதால், இந்தச் சொல் தவறினால் பிள்ளையின் நோய் வெறும் குழப்படியாக, குறும்பாகத் தோன்றிவிடும்.

'இருப்புக்கொள்ளாமை' என்ற அழகான சொல்லை இதற்கு வைக்கலாமே என்பார்கள். அதை அகதீசியாவுக்கு, அதாவது உடலை அசைத்துக்கொண்டே இருக்கத் தூண்டும் உள்தவிப்புக்கு, விடவேண்டும். கிரேக்கத்திலும் அதன் பொருள் இருக்க முடியாமைதான். அது பெரும்பாலும் உளப்பிணிக்கான மருந்துகளின் பக்கவிளைவு. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், நோய்தான் கூடியது என்றெண்ணி அதே மருந்தை ஏற்றிவிடுவார்கள்.