ஒன்-டேபிள் லவாஜ்: கழுவலா, அலசலா?

பெரியப்பாவுக்குப் பெருங்குடல் அடைப்பு. கொழும்பில் ஒரு வைத்தியசாலையின் நடைபாதையில் நிற்கிறோம். "ஒன்-டேபிள் லவாஜ் செய்ய வேண்டி வரலாம்" என்றார் வைத்தியர். "குடலைக் கழுவப் போகினமாம்" என்று நான் தமிழாக்கினேன். பெரியம்மா பதறிவிட்டார்: "ஐயோ, இவர் நஞ்சு ஒண்டும் குடிக்கேல்லையே!"

பிழை என்னுடையது. நம்மிடையே கழுவுவது என்றால் பூச்சிமருந்து குடித்தவரின் வயிற்றைத்தான்.

லவாஜ் பிரெஞ்சுச் சொல். 'கழுவு' எனப் பொருள்படும் லத்தீன் 'லவாரே' அதன் வேர். வெள்ளவத்தையில் நாம் உடுப்புக் கொடுக்கும் லோண்டரிக்கும் அதே வேர்தான். ஒன்-டேபிள் என்றால் சத்திரசிகிச்சை மேசையில் வைத்தே.

நாள் குறித்துச் செய்யும் ஒப்பரேஷன் என்றால் முதல்நாளே பேதி மருந்தால் குடலை வெறுமையாக்கலாம். அடைத்துப்போன குடலுக்குப் பேதி ஆபத்து. அதனால் வயிற்றைத் திறந்தபின், குடல்வால் வழியாகவோ பெருங்குடலின் தொடக்கத்திலோ கத்தீற்றர் எனும் மெல்லிய குழாயைச் செருகி, இளஞ்சூடான சேலைனை விடுவார்கள். பழுதான துண்டை வெட்டிய இடத்தில், மேல்பக்க முனையில், மயக்கமருந்து மெசினுக்குப் பூட்டும் அகன்ற நெளிகுழாயைக் கட்டி, மறுமுனையை மேசைக்குக் கீழே பைக்குள் இறக்குவார்கள். கட்டிமலத்தைக் குடலுக்கு வெளியிலிருந்தே விரலால் நசுக்கித் தள்ளவும் வேண்டும். தெளிந்த நீர் வரும்வரை பல லீற்றர் ஓடும். 1980இல் சத்திரசிகிச்சை நிபுணர் டட்லியும் சகாக்களும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவிய முறை இது. இரு முனைகளையும் அப்போதே பொருத்தித் தைத்துவிட்டால், வயிற்றில் வாய் திறந்து மலப்பை ஒட்டாமல் தப்பலாம் என்பது எண்ணம். இப்போது பலர் அலசாமல், உள்ளிருப்பதைப் பிதுக்கி வெளியேற்றுவதோடு விட்டுவிடுகிறார்கள்.

சரி, தமிழ்? சித்த மருத்துவத்தில் 'பீச்சு' உண்டு. ஆனால் அது கீழ்வழியாக ஏற்றுவது. 'கழுவல்' தேய்ப்பதையும் சேர்த்துக்கொள்ளும். போத்தலுக்குள் நீர் விட்டு, குலுக்கி, ஊற்றுவதை 'அலசுதல்' என்கிறோம். இங்கே நடப்பதும் அதுதான். பத்திரிகைகள் 'அரசியல் அலசல்' என்று அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டால் என்ன, நாம் திருப்பி எடுக்கலாம். படிவத்தில் 'சத்திரசிகிச்சையிடைப் பெருங்குடல் அலசல்' என்று எழுதட்டும். வாய்ப்பேச்சுக்கு 'ஒப்பரேஷன் நேரக் குடல் அலசல்' போதும்.

பெரியம்மாவிடம் போத்தலைச் சொல்லித் திரும்ப விளக்கினேன்.

"அப்ப சரி. பச்சைத்தண்ணியோ, சுடுதண்ணியோ?"

"இளஞ்சூடு, பெரியம்மா. உடம்பு குளிர்ந்துபோகக் கூடாதெண்டு."