செமினாருக்கு ஒரு பாடக் குறியீடு வேண்டும்

முதலாண்டு ஆய்வு மாணவர் ஒருவர், ஒரு நொதியைப் பற்றிய ஆய்வுக்கட்டுரையை எங்கள் உயிர்வேதியியல் துறைச் செமினாரில் விளக்கிக்கொண்டிருந்தார். "கே.எம். மதிப்பு 0.5 மில்லிமோலார்" என்றார். நொதியின் வேகம் உச்சத்தில் பாதியாவது சப்ஸ்ட்ரேட்டின் (நொதி வேலைசெய்யும் பொருளின்) எந்தச் செறிவில் என்பதே கே.எம். திரையில் அதைக் கணிக்கப் போடும் லைன்வீவர்–பர்க் வரைபடம். நேர்கோடு, புள்ளிகளெல்லாம் பிசகில்லாமல் அதன்மேல். "சப்ஸ்ட்ரேட்டை எந்தச் செறிவிலிருந்து எதுவரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்?" என்று கேட்டேன். ஸ்லைடை முன்னும் பின்னும் தள்ளித் தேடினார். படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் இருந்தது: 2 முதல் 20 மில்லிமோலார் வரை.

கரும்பலகைக்கு வரச் சொன்னேன். கே.எம். 0.5 என்றால், 2 மில்லிமோலாரில் வேகம் உச்சத்தில் எத்தனை சதவீதம்? 2-ஐ, 2-உம் 0.5-உம் சேர்ந்த 2.5-ஆல் வகுத்தார். 80. சரி, 20-இல்? கிட்டத்தட்ட 98. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "அப்போ பாதி வேகம் வர்ற இடத்தை அவங்க அளக்கவே இல்லையா மேடம்?"

அளக்கவில்லை. வளைவு படுத்துவிட்ட இடத்தில் மட்டும் அளந்துவிட்டு, கோட்டை வெறும் தாளில் நெடுந்தூரம் நீட்டி எண்ணைப் படித்திருக்கிறார்கள். இத்தனைக்கும் அந்த மாணவர், நொதியின் வேகத்தைக் கணக்கிடும் மைக்கேலிஸ்–மென்டன் சமன்பாட்டை இளங்கலையில் ஒருமுறை, முதுகலையில் ஒருமுறை, நெட் தேர்வுக்காக இன்னொருமுறை என்று மூன்று தடவை படித்துத் தேறியவர். எந்தத் தேர்வுத் தாளும் அவரிடம் கேட்காத கேள்வி அது. செமினாரில்தான் வந்தது.

அந்தச் செமினார் எங்கள் துறையில் அதற்கு முன் இரண்டு தடவை செத்திருக்கிறது. முதல் தடவை அதை நடத்தியவர் மூத்த பேராசிரியர் ஒருவர். வெள்ளிக்கிழமை மூன்று மணி. டீயும் முறுக்கும் அவர் சொந்தக் காசு. அவர் இருந்தவரை அறை நிரம்பும். ஓய்வுபெற்ற அடுத்த மாதமே வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எல்லாரும் ஊருக்குப் பஸ் பிடிக்கப் போய்விட்டார்கள். இரண்டாம் தடவை நான் ஆரம்பித்தேன். மாணவர்கள் வந்தார்கள், பிறகு 'சார் லேப்ல வேலை குடுத்துட்டாரு மேடம்' என்று ஒவ்வொருவராக நின்றார்கள். தர மதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டில் மட்டும் அதற்கு உயிர் வந்தது. பேனர், குத்துவிளக்கு, போட்டோ எல்லாம் உண்டு. அந்தப் போட்டோக்கள் ஃபைலில் இன்னமும் இருக்கின்றன.

மூன்றாம் தடவை நான் மாணவர்களைக் கூப்பிடவில்லை. பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு தாள் எழுதினேன்: உயிர்வேதியியல் ஆய்வுக் கருத்தரங்கு, நிரந்தரப் பாடம், 2 கிரெடிட், குறியீடு வேண்டும்.

இதற்கு விதியில் இடம் இருக்கிறது. பல துறைகள் அதைக் கவனிப்பதில்லை. 2022 நவம்பரில் யு.ஜி.சி. வெளியிட்ட பி.எச்டி. விதிகளின்படி கோர்ஸ்வொர்க்குக்குக் குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு முறையியலும், ஆய்வு–வெளியீட்டு நெறிமுறைத் தாளும் அதில் கட்டாயம். மீதியை எதைக்கொண்டு நிரப்புவது என்பது பெரும்பாலும் நம் கையில். நிறையப் பேர் முதுகலைத் தாளையே இன்னொருமுறை நடத்தி நிரப்புகிறார்கள்.

கூட்டத்தில் முதல் ஆட்சேபம்: "செமினார்தான் எல்லாப் பேப்பர்லயும் இன்டர்னல்ல 5 மார்க்குக்கு இருக்கே?" இருக்கிறது. பாடப்புத்தகத்திலிருந்து ஒட்டிய பதினைந்து ஸ்லைடை மாணவர் திரையைப் பார்த்தபடி படிப்பார், 'எனி கொஸ்டின்ஸ்?' என்பார், யாரும் வாய் திறக்க மாட்டார்கள், கைதட்டிவிட்டு எழுந்துவிடுவோம். அதற்குத்தான் அந்த 5 மார்க்.

இரண்டாவது ஆட்சேபத்தை எதிர்பார்க்கவில்லை. "யூனிட் எங்க மேடம்?" நம் ஊரில் எந்தப் பாடமானாலும் ஐந்து அலகு இருக்க வேண்டுமே! உட்கார்ந்து எழுதினேன். கட்டுரையைத் தேர்ந்தெடுத்தல் ஒரு அலகு, செய்முறைப் பகுதியைப் படித்தல் ஒரு அலகு, படங்களையும் கண்ட்ரோல்களையும் சோதித்தல் ஒரு அலகு, கேள்வி கேட்டல் ஒரு அலகு. ஐந்தாம் அலகுக்கு 'தெரியாது என்று சொல்லுதல்' என்று தலைப்பு வைத்தேன். குழு சிரித்துவிட்டு 'அறிவியல் தகவல் பரிமாற்றம்' என்று மாற்றிவிட்டது. பரவாயில்லை, குறியீடு கிடைத்தது.

சிரிப்பில்லாமல் போன விஷயம் வொர்க்லோடு. வாரம் இரண்டு மணி நேரத்தை யார் கணக்கில் எழுதுவது? எழுதாவிட்டால் அந்த வேலை கடைசியில் துறையின் ஆக இளையவர் தலையில், பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர் தலையில் விழும்; ஓராண்டில் அவரும் களைத்துவிடுவார். ஒவ்வொரு செமஸ்டரும் ஒருவர் பொறுப்பு, இரண்டு மணி நேரமும் அவர் பெயரில், சுழற்சி முறை என்று தீர்மானத்திலேயே எழுத வைத்தோம். இதைப் படித்துவிட்டு உங்கள் துறையில் யாராவது முயன்றால் இந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு முடிச்சு: கோர்ஸ்வொர்க் முதலாண்டோடு முடிந்துவிடும், பிறகு மூன்றாம் ஆண்டு மாணவர் ஏன் வருவார்? ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் அவர் தன் முன்னேற்றத்தைச் சொல்லியாக வேண்டும் என்பது விதி. அந்தப் படிவத்தில் 'கருத்தரங்கு வருகை' என்று ஒரு வரி சேர்த்தோம். அவ்வளவுதான், பின்வரிசை நிரம்பியது. சீனியர்கள் இல்லாத செமினார் செத்தமாதிரிதான் இருக்கும். ஜெல் ஏன் கோணலாக ஓடியது என்று கைப்பட்டவருக்குத்தானே தெரியும்.

இப்போது நடக்கும் முறையைச் சொல்கிறேன். ஒரு வாரம் ஒரு கட்டுரை, எல்லாருக்கும் முந்தின திங்களே போய்விடும். முதல் பத்து நிமிடம் பிபிடி கிடையாது; பரிசோதனையைக் கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டும். கட்டுரையை ஏதோ ஒரு செயலியிடம் கொடுத்துச் சுருக்கம் வாங்கி வருபவர்கள் இந்தப் பத்து நிமிடத்தில் மாட்டிக்கொள்வார்கள். முதல் செமஸ்டரில், டி.என்.ஏ. எப்படி நகலாகிறது என்று காட்டிய மெசல்சன்–ஸ்டால் 1958 கட்டுரையை எடுத்தோம். 'பாதி பழையது, பாதி புதியது' என்று எல்லாருக்கும் மனப்பாடம். டி.என்.ஏ.வை அடர்த்திவாரியாகப் பிரிக்கும் சீசியம் குளோரைடு கரைசலில் மூன்றாவது தலைமுறை எங்கே நிற்கும், எத்தனை பட்டை, எது தடிமன் என்று வரையச் சொன்னால் மூன்று பேர் மூன்று விதமாக வரைந்தார்கள்.

கைடு கடைசி வரிசையில்தான் உட்கார வேண்டும், முதல் அரை மணி பேசக்கூடாது. இந்த விதிக்கு வந்த எதிர்ப்பு வேறெதற்கும் வரவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு மாணவரிடம் கேட்ட கேள்விக்குத் தானே பதில் சொல்லும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு; எனக்கும் உண்டு.

நூறு மதிப்பெண்ணில் 40 பேசுவதற்கு, 20 ஒரு பக்க எழுத்துக்கு. மீதி 40, செமஸ்டர் முழுக்கக் கேட்ட கேள்விகளுக்கு. தமிழிலும் கேட்கலாம், துண்டுச்சீட்டிலும் எழுதிக் கொடுக்கலாம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் எங்களிடம் நிறைய. அவர்களின் மௌனத்தை நாங்கள் ரொம்ப நாளாக அறியாமை என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

அப்படி ஒரு பெண். இரண்டு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சீட்டு வந்தது: "3ஆவது படத்தில் இருக்கும் ஆக்டின் பட்டையும் 6ஆவது படத்தில் இருக்கும் ஆக்டின் பட்டையும் ஒன்றுபோல் இருக்கின்றன. சரியா?" எல்லா மாதிரியிலும் புரதம் சம அளவில் ஏற்றப்பட்டதா என்று ஒப்பிடப் பார்க்கும் புரதம் ஆக்டின். இரண்டு படத்தையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அதே கீறல், அதே மூலையில் அதே புள்ளி. இரண்டும் வேறு வேறு பரிசோதனை என்று கட்டுரை சொல்கிறது. தெரியாமல் நடந்த பிழையா வேறா என்று தீர்ப்பு சொல்வது எங்கள் வேலையில்லை. ஆனால் இது அபூர்வமும் இல்லை. எலிசபெத் பிக்கும் சக ஆய்வாளர்களும் 2016-இல் 20,621 கட்டுரைகளைக் கண்ணாலேயே சலித்தெடுத்து, ஏறக்குறைய 3.8 சதவீதத்தில் சந்தேகத்துக்குரிய படங்கள் இருப்பதாக வெளியிட்டார்கள்.

மறுநாள் காலை அதே பெண் தன் பிளாட்டை (மாதிரிக்கு ஒரு லேனாகப் புரதப் பட்டைகள் தெரியும் படத்தை) எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். "என் ஆக்டினும் எல்லா லேன்லயும் கரியாத்தான் இருக்கு மேடம். இதை வெச்சு சமமா லோட் பண்ணிருக்கேன்னு சொல்ல முடியுமா?" முடியாது. எல்லாம் கரியாகிவிட்டால் கூடுதல் குறைவு தெரியாது. எக்ஸ்போஷரைக் குறைத்து மறுபடி எடுத்தோம். இரண்டாவது லேன் மற்றவற்றில் பாதிகூட இல்லை. அந்த வரைபடம் அவருடைய ஆய்வேட்டிலிருந்து போய்விட்டது.

இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம், நம் பிள்ளைகளுக்குச் சரிவராது என்று இன்றும் ஒரு சகா சொல்லிக்கொண்டிருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடந்ததை அவரிடம் சொன்னேன். 1952-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னால் சென்னைக்கு வந்தபோது, தோலிலும் தசைநாரிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் புரியாத புதிர் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அங்கே பேராசிரியராக இருந்த ஜி.என். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வால் தசைநார் வாங்கி, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து முச்சுருள் அமைப்பைச் சொன்னார். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் மறுத்தார்கள். அந்த மறுப்புதான் அவரை, அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று கணக்குப் போட வைத்தது; அதிலிருந்து 1963-இல் வந்ததுதான் இன்று உலகம் முழுக்கப் புரத அமைப்பைச் சரிபார்க்கும் ராமச்சந்திரன் வரைபடம். சகா கேட்டுக்கொண்டார். செமினாருக்கு இன்னும் வரவில்லை.

ஆசிரியர்களும் செமஸ்டருக்கு ஒருவர் தன் சொந்தக் கட்டுரையைப் பேச வேண்டும் என்று போன வருடம் ஒரு விதி சேர்த்தோம். இந்த முறை என் முறை. பழைய கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன், எலி ஈரலில் ஒரு நொதியின் செயல்பாடு. எத்தனை தனித்தனி மாதிரிகளில் அளந்தோம் என்பதை n என்று குறிப்பது வழக்கம். பாதியில், எம்.எஸ்சி. இறுதியாண்டுப் பையன் ஒருவன் எழுந்தான். "மேடம், n ஈக்குவல் டு 3-ன்னு போட்டிருக்கு. மூணு எலியா?"

கடைசி வரிசையில் யாரோ செருமினார்கள். எனக்குப் பதில் தெரியும், அந்த லேப் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

"இல்லப்பா," என்றேன். "ஒரே எலி. மூணு குழாய்."

அவன் குறித்துக்கொண்டான். செமஸ்டர் பொறுப்பிலிருந்த இளைய ஆசிரியை, பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே மார்க் போட்டதையும் பார்த்தேன்.