பம்பு நின்றால் மூழ்கும் படகு வீடுகள்

படகு ஆய்வாளர் என்ற முறையில் என்னை அழைத்த ஒருவர், ஆற்றோரம் கட்டிக்கிடந்த ஒரு பழைய படகு வீட்டைக் காட்டி, "இரண்டு ஆண்டுகளாக இதற்குள் யாரும் வரவில்லை. ஆனாலும் ஏதோ ஒழுங்காகத்தான் இயங்குகிறது, அவ்வப்போது பக்கவாட்டிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறது" என்றார். கரையில் அமர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டேன். ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை தண்ணீர் வந்தது. வாளிகளில் பிடித்து அளந்தபோது ஒவ்வொரு முறையும் சுமார் 30 லிட்டர் இருந்தது. மணிக்கு 90 லிட்டர் என்றால், ஒரு நாளைக்கு 2 டன்னுக்கு மேற்பட்ட ஆற்றுநீர் அந்தப் படகுக்குள் புகுந்துகொண்டிருந்தது என்று பொருள். அதை வெளியேற்றிய பம்புக்கு மின்சாரம் தந்தது கூரையிலிருந்த ஒரேயொரு சூரியத்தகடு. அதன் பாதியைச் சருகும் பறவை எச்சமும் மூடியிருந்தன. அண்டைப் படகினர் நலத்தின் அறிகுறி என்று எண்ணியிருந்தது, உண்மையில் அந்தப் படகு இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதைக் காட்டும் கணக்காகவே இருந்தது.

பயணத்தின்போது மூழ்கும் படகுகளைப் பற்றித்தான் மக்கள் அஞ்சுகிறார்கள். எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை கட்டிய இடத்திலேயே, ஆளில்லாத நேரத்தில் மூழ்கியவற்றைப் பற்றியவை. நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 5 செ.மீ. விட்டமுள்ள ஒரு குழாய் இணைப்பு பெயர்ந்துவிட்டால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 240 லிட்டர் தண்ணீர் உள்ளே பாயும். எந்தச் சிறிய பம்பாலும் அதனோடு நெடுநேரம் போட்டியிட முடியாது. பம்பின் மேல் அச்சிட்டிருக்கும் கொள்ளளவு, உயரமோ நீண்ட குழாயோ இல்லாத நிலையில் அளக்கப்பட்டது. படகில் பொருத்திய பின், பேட்டரியின் மின்னழுத்தமும் குறைந்த நிலையில், அது தரும் நீர் அதைவிட வெகுவாகக் குறைவு. ஆனால் கைவிடப்பட்ட படகுகளை மூழ்கடிப்பவை பெரும்பாலும் இத்தகைய பெரிய துளைகள் அல்ல. இயந்திரத்தின் சுழல்தண்டு வெளியே செல்லும் இடத்தில் இறுக்கம் தளர்ந்து சொட்டும் நீர், பிடிப்புவளையம் துருப்பிடித்த ரப்பர் குழாய், பல ஆண்டுகள் திருப்பப்படாமல் இறுகிப்போன அடைப்பு வால்வு ஆகியவைதான் முதற்காரணங்கள்.

மழையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 20 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு படகின் மேற்பரப்பில் 100 மி.மீ. மழை பெய்தால் விழும் நீரின் எடை 8 டன். வடிகால் துளைகள் இலைகளால் அடைபட்டிருந்தால், அதில் கணிசமான பகுதி கதவிடுக்கு, கூரை விரிசல் வழியாக உள்ளே இறங்கி, பில்ஜ் என்று நாங்கள் சொல்லும் அடிக்குழியில் தேங்கும். தேங்கிய நீர் அசையாமல் நிற்பதில்லை. படகு எந்தப் பக்கம் சற்றே சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓடிச் சேர்ந்து சாய்வை மேலும் கூட்டும். சாய்வு கூடக் கூட, வழக்கமாக நீருக்கு மேலே இருக்கும் கழிவுநீர்த் துளைகளும் பம்பின் வெளியேற்றுக் குழாயும் ஆற்றுக்குள் அமிழ்ந்துவிடுகின்றன. அப்போது பம்பு நின்றுபோனால், அது தள்ளிய அதே குழாயின் வழியாக ஆறு திரும்பி உள்ளே வரும். காற்று புகும் வளைவு ஒன்றை அந்தக் குழாயின் உச்சியில் பொருத்தி, வளைவையும் போதிய உயரத்தில் வைத்திருந்தால் இதைத் தடுக்கலாம். நான் ஏறிப் பார்த்த பழைய படகுகளில் பாதியில் அது இல்லை. மாதக்கணக்கில் மெதுவாக நடந்த ஒரு செயல், இறுதியில் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுவதற்கு இதுவே காரணம். "நேற்று மாலை பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை.

உடற்கூட்டின் பொருளைப் பொறுத்து அழிவின் வழி மாறும். எஃகுப் படகில் அடித்தகட்டின் தடிப்பை மீயொலிக் கருவியால் அளக்கிறோம். 6 மி.மீ. தகட்டில் கட்டியது 4 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் பல காப்பீட்டு நிறுவனங்கள் பழுதுபார்க்காமல் ஏற்பதில்லை. சராசரி அளவு நம்மை ஏமாற்றக்கூடும், ஏனெனில் துரு ஒரே சீராகத் தின்பதில்லை. நீர்மட்டக் கோட்டருகே குழிகுழியாகத் துளைத்துச் செல்லும். உள்ளே தேங்கிய அழுக்கு நீரில் வாழும் பாக்டீரியாக்கள் உட்புறத்திலிருந்தும் அரிக்கும். மரப்படகில் மேலிருந்து இறங்கும் மழைநீரே பெரிய பகை, ஏனெனில் மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சை நன்னீரில்தான் செழிக்கும். முழுவதும் ஆற்றில் அமிழ்ந்த பலகை திடமாக இருக்க, அதற்கு மேலுள்ள பலகைக்குள் கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்குவதைக் கண்டிருக்கிறேன். வெயிலில் காய்ந்து சுருங்கிய பலகைகளின் இடையே, இடுக்குகளை அடைக்கத் திணித்த கலப்பற்று உதிர்ந்துவிடும். நீர்மட்டம் சற்று உயர்ந்தவுடன் அந்த இடைவெளிகளெல்லாம் ஒரே நேரத்தில் ஒழுகும். கண்ணாடியிழைப் படகுகள் துருப்பதும் இல்லை, உளுப்பதும் இல்லை, ஆகவே கேட்பாரற்று மிக நீண்ட காலம் கிடப்பவை அவைதாம்.

கட்டுக்கயிறுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடலோரத்தில் அலையேற்றம் நாள்தோறும் நினைவூட்டுவதால் கயிற்றின் நீளத்தை எவரும் மறப்பதில்லை. ஆற்றிலோ மாதக்கணக்கில் நீர்மட்டம் அசையாமல் இருந்துவிட்டு, ஒரே இரவில் ஒரு மீட்டர் உயரும். குட்டையாகவும் இறுக்கமாகவும் கட்டிய படகை அப்போது கயிறே கீழே பிடித்து வைத்துக்கொள்ளும். கரைப்பக்க விளிம்பு அமிழும், அல்லது கயிறு கட்டிய முளை பிடுங்கிக்கொண்டு வரும். வெள்ளம் வடியும்போது வேறொரு ஆபத்து உண்டு. கரை மேட்டிலோ படித்துறையிலோ ஒரு பக்கம் தட்டி நின்ற படகு ஆற்றுப்பக்கமாகச் சரிந்து கிடக்கும். மறுபடி நீர் ஏறும்போது, படகு மிதந்து நிமிர்வதற்கு முன்பே நீர் சன்னல் வழியே உள்ளே ஏறிவிடும். ஆளிருந்தால் கயிற்றை அவ்வப்போது தளர்த்தியும் இழுத்தும் சரிசெய்வார்; ஆளில்லாத படகைச் சாய்ந்த கோணத்தில் நீளமாகக் கட்டியோ, நட்ட தூணில் ஏறியிறங்கும் வளையத்தில் பிணைத்தோதான் விட்டுச்செல்ல வேண்டும்.

ஓடும் நீர் படகைத் தள்ளும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. ஓட்டம் இரண்டு மடங்கானால் கயிற்றின் மேல் விழும் இழுவை நான்கு மடங்காகும். மேலிருந்து அடித்துவரும் கிளைகளும் செடிகளும் படகின் முன்புறத்தில் சேர்ந்துவிட்டால் நீர் மோதும் பரப்பும் பெருகும். அதே காலத்தில் வெயில் நைலானையும் பாலிபுரொப்பிலீனையும் நலிவித்திருக்கும். வெளியே நாராகப் பிசிறிய கயிற்றின் உள்ளே எவ்வளவு வலு எஞ்சியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல இயலாது. ஒன்றோடொன்று பிணைத்து மூன்று நான்கு படகுகள் அடுக்கிக் கட்டப்பட்ட இடங்களில், கரையோரப் படகின் கயிறுதான் அத்தனையையும் தாங்குகிறது. அந்தக் கரையோரப் படகே கைவிடப்பட்டதாக இருந்துவிடுவது எனக்கு அரிதான காட்சி அல்ல. அறுத்துக்கொண்டு போன படகு பாலத்தூணில் குறுக்காகச் சாய்ந்து நின்றால், அது குப்பையைத் தடுத்து, நீரையும் தேக்கும்.

உள்ளே ஏறுவதில் உள்ள ஆபத்து, வெளியே தெரியும் எல்லாவற்றையும்விடப் பெரியது. எஃகுப் படகின் முன்பகுதியில் மூடிக்கிடக்கும் அறையில் துரு படிவது ஒரு வேதிவினை. அது அந்த அறையிலுள்ள ஆக்சிஜனை உண்டுதான் நடைபெறுகிறது. காற்றில் இயல்பாக 20.9 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன், மாதக்கணக்கில் மூடிய அறையில் உயிருக்கு ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். எந்த வாசனையும் எச்சரிக்கையும் இல்லாமல், இறங்கியவர் சில நொடிகளில் மயங்குகிறார். அவரைத் தூக்க இறங்குபவர் இரண்டாவது பலியாகிறார். தேங்கிய கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் வீசுவது உண்மைதான், ஆனால் செறிவு மிகுந்தால் அது மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதால் வாயு போய்விட்டது என்று எண்ணியவர்கள் உண்டு. வாயு அளவி கையில் இல்லாமல் நான் எந்த மூடிய அறைக்குள்ளும் தலையை நீட்டுவதில்லை. இதற்காக என்னைக் கேலி செய்த படகுக்காரர் ஒருவருக்கு, அவருடைய படகின் முன்னறைக்குள் கயிற்றில் கட்டி இறக்கிய அளவியின் எண்களை நான் காட்ட வேண்டியிருந்தது. அவர் அதற்கு முந்தைய வாரம் அதே அறையில் தம் மகனை இறக்கிச் சங்கிலி எடுக்கச் சொல்ல எண்ணியிருந்தாராம்.

சமையல் எரிவாயு வேறு வகை. புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கும் பியூட்டேன் இரு மடங்கும் கனமானவை என்பதால் கசிந்த வாயு வெளியேறாமல் அடிக்குழியில் தங்கும். வீட்டில் கதவடியில் நழுவிச் சென்றுவிடக்கூடிய வாயுவுக்குப் படகில் போக்கிடமே இல்லை. ஒரு கிலோ புரொப்பேன் போதும், சுமார் 25 கன மீட்டர் காற்றை வெடிக்கத்தக்க கலவையாக்க. சிறிய படகின் வசிப்பறை முழுவதும் அவ்வளவுதான். அதைப் பற்றவைக்கும் பொறி, தானாக இயங்கும் அந்தப் பம்பின் சுவிட்சிலிருந்தே வரக்கூடும். கார்பன் மோனாக்சைடோ அடுத்த படகிலிருந்துகூட வரும்: பக்கத்தில் கட்டிய படகின் ஜெனரேட்டர் புகை உங்கள் சன்னல் வழியே நுழைந்தால், தலைவலியோடு உறங்கச் செல்பவர் விழிப்பது உறுதியில்லை. ஒலியெழுப்பும் அளவி ஒன்றைப் படுக்கையறையில் மாட்டுவதற்கு மேல் இதற்குச் சுருக்கமான பரிகாரம் எனக்குத் தெரியாது.

கரையிலிருந்து மின்கம்பி இழுத்திருந்தால், பழுதுற்ற இணைப்பின் வழியே மின்சாரம் நீருக்குள் கசியும். நன்னீர் மனித உடலைவிட மோசமான கடத்தி என்பதால், அருகில் நீந்துபவரின் உடலையே மின்சாரம் எளிய வழியாகக் கொள்கிறது. 10 மில்லி ஆம்பியரைச் சற்றுத் தாண்டினாலே தசைகள் வசமிழக்கும். நீந்தத் தெரிந்தவரும் சத்தமின்றி அமிழ்வார். 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் கருவி கரை இணைப்பில் வேலை செய்கிறதா என்பதைப் படகினர் அனைவரும் மாதத்துக்கு ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். தீப்பிடித்த படகின் மேல் பீய்ச்சும் தண்ணீர் தீயை அணைப்பதற்கு முன்பே படகை மூழ்கடித்துவிடக்கூடும் என்பதால் தீயணைப்பு வீரர்களுக்கும் இது எளிய பணி அல்ல.

இவ்வளவும் தெரிந்தும் இத்தகைய படகுகள் ஏன் அகற்றப்படுவதில்லை என்று கேட்கிறார்கள். மூழ்கியதைத் தூக்கும் செலவு பெரும்பாலும் படகின் மதிப்பைத் தாண்டிவிடுகிறது. எஃகுக்குப் பழைய இரும்பின் விலையாவது கிடைக்கும், கண்ணாடியிழைக்கு அதுவும் இல்லை. கடலில் மூழ்கிய கலங்களை அகற்றும் பொறுப்பை உரிமையாளர் மேல் சுமத்தும் நைரோபி உடன்படிக்கை 2007-இல் ஏற்கப்பட்டு 2015-இல் நடைமுறைக்கு வந்தது. ஆற்றோரப் படகு வீட்டுக்கு அது பொருந்துவதில்லை. மறுபுறம், துண்டுச் சீட்டில் கையெழுத்திட்டு மிகச் சிறிய தொகைக்குக் கைமாறிய படகின் கடைசி உரிமையாளர் பெரும்பாலும் வாடகை கொடுக்க வழியில்லாதவர், சிலவேளை அதற்குள்ளேயே குடியிருப்பவர். பறிமுதல் என்ற அச்சுறுத்தலோடு தொடங்கும் எந்த நடவடிக்கையும் அவர்களை ஆய்வாளரிடமிருந்து ஒளியவைக்கிறது. தண்டனையற்ற ஆய்வு ஒன்றும், பயனற்ற படகைச் செலவின்றி ஒப்படைக்கும் வழி ஒன்றும் முதலில் வரட்டும் என்பதே என் கருத்து. இந்தக் கருத்தோடு மாறுபடும் சக ஆய்வாளர்களும் உண்டு.

அண்டைப் படகினர் செய்யத்தக்கது எளிது. கைவிடப்பட்ட படகின் நீர்மட்டக் கோட்டைக் கரையிலிருந்து முன்புறம், பின்புறம், இரு பக்கம் என்று வாரம் ஒருமுறை ஒளிப்படம் எடுத்து வையுங்கள். ஏறாதீர்கள், மூடியைத் திறக்காதீர்கள். கோடு ஒரு விரலளவு தாழ்ந்தாலும், ஒரு பக்கம் சாய்ந்தாலும், பம்பு பீய்ச்சும் இடைவெளி குறைந்தாலும், அல்லது பீய்ச்சுவது திடீரென நின்றுவிட்டாலும், அன்றே நீர்வழி அலுவலகத்துக்குத் தேதியிட்ட படங்களோடு எழுதுங்கள். தொடக்கத்தில் சொன்ன படகின் பம்பு, நான் அறிக்கை அனுப்பிய ஒன்பதாம் நாள் மேகமூட்டத்தில் நின்றது. படங்கள் இருந்ததால் அதற்குள் கரைமின்சாரமும் இரண்டாவது பம்பும் போடப்பட்டிருந்தன.